நிமிஷம் அக்கா எழுதிய இரண்டாம் பரீட்சை

ஐந்து நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கிளம்பினால், டெப்போவின் டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்க்கும். "ஒரு நிமிஷம் போச்சே, எங்க போச்சு?" டிரைவர் பதில் சொல்லித்தான் நகர வேண்டும். இப்படிக் கேட்டுக் கேட்டே டைம்கீப்பர் அக்காவுக்கு 'நிமிஷம்' என்று பெயர் வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேராகவே "நிமிஷம் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

நூற்றுப் பன்னிரண்டு பஸ்கள். எந்தப் பஸ்ஸுக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், எது எப்போது வெளியே போகும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. காலையில் ஒரு டிரைவர் வரவில்லை என்று போன் வந்தால், இரண்டு நிமிடத்துக்குள் வேறொருவரை ஏற்ற வேண்டும். அந்த ஆளை எடுத்த இடத்தில் ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொருவர், அவருக்குப் பதில் மற்றொருவர். இதையெல்லாம் அவர் பேனாவை வாயில் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே முடித்துவிடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அவரைப் பார்த்தபோது அவர் அந்த ஜன்னலில் இல்லை.

நாற்பத்தொன்பது வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. பல வருடங்களாக இருந்த ரத்த அழுத்தத்தை அவர் பொருட்படுத்தவில்லை. "தலைவலிக்கு லீவு போட்டா டெப்போல பாதிப் பேரு வீட்லதான் இருப்பான்" என்பது அவருடைய சித்தாந்தமாக இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்று ஆனதும், டெப்போ மேலாளர் அவரை இலகு வேலைக்கு மாற்றினார். இலகு வேலை என்றால், பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்களைப் பாதுகாக்கும் அறை. குடைகள், தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு ஊன்றுகோல். "ஊன்றுகோலை மறந்துட்டு ஒருத்தன் எப்படி இறங்கிப் போனான்னு எட்டு மாசமா யோசிக்கிறேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை.

திரும்பிப் போக ஒரே ஒரு வழி இருந்தது. வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திவிடுவார்கள். அதன் வழியே ஒரு பை திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து நாமே வெளியேற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை வந்தால் போதும். ஆனால் அதற்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். எடை கூடியிருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து எவ்வளவு வலுவான திரவம் வேண்டும் என்று தானே முடிவெடுக்க வேண்டும். வெளியே வரும் திரவம் கலங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு நாள் அசட்டையாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து.

யாரை நம்பி அதைக் கொடுப்பது? இதுதான் எங்கள் ஆய்வு. நீண்டகால நோய் உள்ளவர்களின் நினைவாற்றல், கவனம், முடிவெடுக்கும் திறன் இவற்றைச் சோதித்து, வீட்டுச் சிகிச்சைக்குப் பொருத்தமானவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பது. பேராசிரியை ஒருவர் நடத்தினார், எங்களுக்கு மேடம். நான் உதவியாளர். சோதனை வைப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்ன நாளிலிருந்து தெருவில் எல்லோரும் என்னிடம் மாத்திரைச் சீட்டுகளைக் காட்டுகிறார்கள். என் கையில் இருப்பது கேள்வித்தாளும் ஒரு ஸ்டாப்வாட்சும் மட்டும்தான் என்று சொன்னால் அம்மாவே நம்புவதில்லை.

எங்கள் மதிப்பெண்கள் ஆய்வுக்காக மட்டும் என்றுதான் ஆரம்பித்தோம். ஆனால் ஒரு தாளில் ஒரு எண் இருந்தால் எல்லோருக்கும் அது வேண்டும். டாக்டர்கள் குழு அதைக் கேட்டு வாங்கிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் வந்துவிட்டது.

நிமிஷம் அக்காவுக்குச் சோதனை வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டயாலிசிஸ் மெஷினிலிருந்து இறங்கி, ஊசி குத்திய கையில் கட்டுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். உதடு காய்ந்திருந்தது. கெண்டைக்காலை நீவிக்கொண்டே உட்கார்ந்தார். தாளில் சிதறிக்கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் ஒன்று, அ, இரண்டு, ஆ என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஐந்து வரை போனார். பிறகு பென்சில் நின்றது. நான் படித்த எண்களைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று எண்களுக்கு மேல் வரவில்லை. கடைசியில் சீட்டு விளையாட்டு: நான்கு கட்டுகளில் எது லாபம், எது மோசம் என்று போகப்போகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கடைசிவரை ஒரே கட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா இதையே எடுக்கிறீங்க?"

"அதுதாம்மா கைக்குப் பக்கத்துல இருக்கு."

நான் கூட்டிப் பார்த்தேன். தேர்ச்சிக் கோட்டுக்கு வெகு கீழே. 'பொருத்தமில்லை' என்ற கட்டத்தில் டிக் செய்தேன். என் கையெழுத்தைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் என் அறை வாசலில் நின்றார். டெப்போ சீருடையில் வந்திருந்தார். பின்னால் அவருடைய கணவர், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா கையில் டாக்டர்கள் குழு மறுத்து எழுதிய கடிதமும் என் சோதனைத்தாளின் நகலும்.

"எக்ஸாம் டீச்சர் இவங்கதான்" என்று கணவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். பிறகு தாளை என் மேஜையில் விரித்தார். "இதுல தேதி இருக்கு. உன் கையெழுத்து இருக்கு. என் எடைகூட இருக்கு. மணி எங்க?"

"எந்த மணி அக்கா?"

"என்னை எத்தனை மணிக்கு உட்கார வெச்சே? மெஷின்ல இருந்து இறங்கி எத்தனை நிமிஷம் ஆச்சு? கிளம்பின நேரம் எழுதாம ஒரு பஸ்ஸை லேட்டுன்னு எழுதினா, டிரைவர் என் சட்டையைப் பிடிப்பான்."

அவர்களுக்கு இன்னொரு நாள் அலைச்சல் வேண்டாம் என்று, மெஷின் முடிந்து இறங்கும்போதே சோதனையை முடித்து அனுப்புகிறோம் என்று விளக்கினேன். நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்திருந்தோம். உண்மையிலேயே அது எனக்குப் பெருமையான ஏற்பாடாகத் தோன்றியிருந்தது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்க்கா வைக்கிறோம். உங்களுக்கு மட்டும் இல்ல."

"ஆமாமா. எல்லா டயர்லயும் காத்தைப் புடுங்கிவிட்டுட்டு, எல்லா பஸ்ஸையும் ஒரே மாதிரிதான் ஓட விட்டேன்னு சொல்றே."

கணவர் மெல்ல அவர் தோளைத் தொட்டார். "விடும்மா. சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணு போட்ட டிக்லதானே நான் இன்னும் குடைக்குக் காவல் இருக்கேன்? நீங்க சும்மா இருங்க." என் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எனக்கு மார்க் போட்டுத் தர வேண்டாம். என்னை மெஷின் இல்லாத நாள்ல கூப்பிட்டு வை. அப்பவும் தோத்தா, இந்த ஜென்மத்துக்கு அந்த ஜன்னலை மறந்துடறேன்."

அவர்கள் போன பிறகு நான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கோபம். படித்தவள் நான்; சோதனை முறையைப் பற்றி ஒரு டைம்கீப்பர் எனக்குச் சொல்வதா? அந்த எண்ணம் வந்த மறுகணமே கூசிப்போனேன். என் அப்பாவிடம் இப்படித்தான் பல பேர் பேசியிருப்பார்கள். சான்றிதழ் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டேனா?

தாளில் மணி இல்லை. ஆனால் வேறு இடங்களில் இருந்தது. டயாலிசிஸ் வார்டு பதிவேட்டில் ஒவ்வொருவரும் மெஷினிலிருந்து இறங்கிய நேரம் உண்டு. சோதனை அறையின் சாவியை வாங்கும்போது காவலாளியின் நோட்டில் நேரம் எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவரை சோதித்தது நாற்பத்தாறு பேரை. அதில் நாற்பத்தொரு பேர் மெஷினிலிருந்து இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதி ஐந்து பேர், மெஷின் பழுதாகிக் காத்திருந்தபோது, டயாலிசிஸுக்கு முன்பே எழுதியவர்கள். அந்த ஐந்து பேரும் கோட்டுக்கு மேலே.

பொருத்தமில்லை என்று நான் டிக் செய்தவர்கள் பத்தொன்பது பேர்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் ஒன்றரை வருட வேலை குப்பைக்குப் போகலாம், அதோடு நானும். இரண்டு நாள் பதிவேட்டு நகல்களைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மேடம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மேஜையில் வைத்துவிட்டேன். தைரியத்தால் அல்ல, பை கனத்தது.

அவர் இரண்டு முறை படித்தார். காபி ஆறிப்போனது.

"இதை யார் கவனிச்சது? நீயா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆசை வந்ததை மறைக்க விரும்பவில்லை. "இல்ல மேடம். ஒரு நோயாளி. பஸ் டெப்போல டைம்கீப்பர்."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "மெஷின்ல இருந்து இறங்கினதும் மூளை மந்தமா இருக்கும்னு நானே வகுப்புல பாடம் எடுத்திருக்கேன். இங்க வந்து ஆளைப் பிடிச்சு உட்கார வெக்கிற அவசரத்துல மறந்திருக்கேன்." நகல்களை மறுபடி புரட்டினார். "அஞ்சு பேரை வெச்சு எதுவும் நிரூபிக்க முடியாது. ஆனா கேள்வி சரியான கேள்வி. எல்லாருக்கும் திரும்ப வைப்போம், ரெண்டு தடவை. ஒண்ணு மெஷின் முடிஞ்சதும், ஒண்ணு மெஷின் இல்லாத நாள்ல."

நெறிமுறைக் குழுவின் அனுமதி வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் மேடம் எல்லா ஓட்டைகளையும் அடைத்தார். பழகியதால் மதிப்பெண் கூடிவிடக் கூடாது என்று புதிதாக இரண்டு கேள்வித்தாள்கள். பாதிப் பேருக்கு மெஷின் நாள் முதலில், மீதிப் பேருக்கு ஓய்வு நாள் முதலில். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கி. சோதனை வைப்பது நானல்ல, வேறு துறையிலிருந்து ஒரு மாணவர். எது எந்த நாள் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அதனால் ஓய்வு நாளிலும் எல்லோரும் கையில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், மெஷினைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

திட்டத்தைக் கேட்ட நிமிஷம் அக்கா ஒன்றே ஒன்று சேர்த்தார். "ரெண்டு நாளும் ஒரே மணிக்கு வைங்க. இல்லேன்னா மறுபடியும் வந்து கேட்பேன்." மேடம் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஓய்வு நாளில் ஆஸ்பத்திரிக்கு வர ஒருவரும் தயாராக இல்லை. நான் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டேன். "விட்டா போதும்னு ஓடற இடத்துக்கு, சும்மா இருக்கிற நாள்லயும் வரணுமா?" என்றார் பெரிய மீசை வைத்த ஒருவர். மூன்று நாளில் நான்கே பேர் சம்மதித்தார்கள்.

நான்காம் நாள் அக்கா மெஷினில் படுத்திருந்தார். ஊசி குத்திய கையை அசைக்க முடியாது. ஆனால் டெப்போவில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை.

"மீசைக்காரரே! உங்களுக்குப் புத்தி மந்தம்னு கவர்மென்ட் தாள்ல எழுதி வெச்சிருக்காங்க, தெரியுமா?"

"யாரு எழுதினது?"

"இந்தப் பொண்ணுதான். அது உண்மையா பொய்யான்னு பார்க்க வேண்டாமா?"

"என் பொண்டாட்டி இருபது வருஷமா அதைத்தானே சொல்றா" என்றார் மீசைக்காரர். வார்டே சிரித்தது. அவர் வருவதாகவும் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை அக்கா பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்புறத்தில் அட்டவணை போட ஆரம்பித்தார். யார் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பஸ், எந்த நிறுத்தம். "இவருக்கு மூட்டு வலி, பத்து முப்பது பஸ்ல நிக்க இடம் இருக்காது. பத்து அம்பதுல வரட்டும், பாதி சீட் காலியா இருக்கும்." "இந்தம்மா வீட்ல புதன்கிழமை தண்ணி வர்ற நாள், வெள்ளிக்கு மாத்து." இரண்டு முறை தவறும் செய்தார், மெஷினிலிருந்து இறங்கிய பின் எழுதிய பக்கத்தில், ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு இடத்தில் போட்டிருந்தார். மறுநாள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர், சட்டென்று நிறுத்தி அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். "பத்திரமா வெச்சுக்கோ. இதுவும் ஒரு சாட்சிதான்."

நாற்பத்தாறு பேரில் ஒருவர் இறந்திருந்தார், ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்திருந்தது. மீதி நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை.

அக்காவுக்குச் சீட்டில் விழுந்தது மெஷின் நாள் முதலில். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் ஓய்வு நாள். வெறும் கையில் கட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நானும் கணவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"என் மேல மூணு மெமோ போட்டவ இவ" என்றார் அவர் திடீரென்று. "மூணும் லேட்டுக்கு. நாலாவது மெமோ வாங்கறதுக்குப் பதிலா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

"அப்புறம் மெமோ வரலையா?"

"வீட்ல வந்துச்சு." சிரிக்கப் பார்த்தார். கை மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. "தோத்துட்டா என்னம்மா செய்வா? வாய்விட்டு அழற ஜாதி இல்ல அவ. அதான் பயமா இருக்கு."

கதவு திறந்தது. அக்கா கட்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். "அந்தச் சீட்டு விளையாட்டு இருக்கே, மூணாவது கட்டு சுத்த ஏமாத்து வேலை. முதல்ல அள்ளிக் கொடுத்துட்டு அப்புறம் மொத்தமா உருவுது. எட்டாவது சீட்டுல கண்டுபிடிச்சுட்டேன்." பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க இப்படி முழிக்கிறீங்க? பசிக்குது, வாங்க" என்றார்.

விடைத்தாள்கள் எல்லாம் திருத்தி முடியும்வரை மேடம் யாரையும் எண்களைப் பார்க்க விடவில்லை. திருத்தி முடிந்த நாள் காலை கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேர் நின்றோம்: மேடம், மாணவர், நான். ஓய்வு நாள் மதிப்பெண்கள் மேலே. மெஷின் நாள் மதிப்பெண்கள் கீழே. ஓய்வு நாளில் முதலில் எழுதியவர்கள்கூட, இரண்டாம் தடவை, பழகியிருந்தும் பின்தங்கியிருந்தார்கள். நான் பொருத்தமில்லை என்று எழுதிய பத்தொன்பது பேரில் பதினேழு பேர் மறுபடி எழுதினார்கள். ஓய்வு நாளில் அவர்களில் பதினொரு பேர் கோட்டைத் தாண்டினார்கள். ஆறு பேர் எந்த நாளிலும் தாண்டவில்லை. மீசைக்காரர் அந்த ஆறில் ஒருவர். அவருக்குப் பதிலாக அவர் மனைவிக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று மேடம் பரிந்துரை எழுதினார்.

நிமிஷம் அக்கா எங்கே என்று என் கண் தேடியது. கோடுகளை இணைக்கும் சோதனை: மெஷின் நாளில் நான்கு நிமிடம் பத்து விநாடி. ஓய்வு நாளில் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. நாற்பத்து மூன்று பேரில் அதுதான் மிகக் குறைந்த நேரம்.

மேடம் அன்றே டாக்டர்கள் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பழைய மதிப்பெண்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறோம், அவை தவறான நேரத்தில் எடுக்கப்பட்டவை, தவறு எங்களுடையது. ஒரு பேராசிரியை 'தவறு எங்களுடையது' என்று தட்டச்சு செய்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். படிப்பு என்றால் என்ன என்று எனக்குள் இருந்த குழப்பம் முழுவதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியைப் பார்த்தபோது இந்த வேலையிலேயே இருக்கலாம் என்று தோன்றியது.

நான் வார்டுக்கு ஓடினேன். அக்கா மெஷினில் இருந்தார்.

"அக்கா, தாண்டிட்டீங்க. நீங்கதான் முதல்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அழவே மாட்டார் என்று கணவர் பயந்தது போலில்லை. கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க ஊசி இல்லாத ஒரு கை இருந்தும், துடைக்காமலே விட்டார். "எத்தனை பேரு?" என்றார்.

"பதினொரு பேர்."

உடனே கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, வார்டு அதிரக் கத்தினார். "ஏய்! பதினொரு பேரு பாஸ்!" நர்ஸ் படுக்கச் சொல்லி அதட்டினார். அதற்குள் கட்டிலுக்குக் கட்டில் "நானா, நானா" என்று குரல்கள் எழுந்துவிட்டன. ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஆறு பேரிடம் சொல்லத்தான் அதில் பாதி நேரம் போனது.

வயிற்றில் குழாய் பொருத்தி, புண் ஆறி, பயிற்சி முடிந்து, அவர் கையாலேயே பை மாற்றப் பழக இரண்டு மாதம். டெப்போ மேலாளர் முதலுதவி அறையில் ஒரு மேஜையும் கைகழுவும் தொட்டியும் ஒதுக்கிக் கொடுத்தார். மதியப் பை அங்கே.

அவர் ஜன்னலுக்குத் திரும்பிய முதல் நாள் காலை நான் போயிருந்தேன். போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. விடிந்துகொண்டிருந்தது, பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு முன்னால் டிரைவர்கள் கூடி நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். "நிமிஷம் வந்தாச்சு, இனிமே நமக்கு நிம்மதி இல்ல." அப்போது போன் அடித்தது. ஒரு டிரைவருக்குக் காய்ச்சல். பேனா வாய்க்குப் போனது. கண் சுவருக்குப் போனது. ஜன்னல் முன்னால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீ ஏழாம் நம்பரை எடு. உன் வண்டியை அவர் எடுக்கட்டும். அவரோட டிரிப் ஆறு இருபதுக்குத்தான், அதுக்குள்ள ஸ்பேர் ஆள் வந்துடுவார். போங்க, போங்க, என்ன பார்வை?"

ஓடினார்கள். ஏழாம் நம்பர் கேட்டைத் தாண்டியபோது அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ என்னம்மா இங்க நிக்கிறே? ஆஸ்பத்திரி பஸ் ரெண்டாவது வரிசையில இருக்கு. அஞ்சு அம்பத்தி நாலுக்குக் கிளம்பிடும். உனக்காக எல்லாம் நிறுத்தி வெக்க மாட்டேன்."

நான் ஓடிப் போய் ஏறினேன். ஐந்து ஐம்பத்து நாலுக்கு பஸ் கிளம்பியது.